உங்கள் தாத்தா பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட ஊர்

போன வாரம் ஒரு பெண் எனக்குப் போன் செய்து உங்கள் தாத்தாவின் பெயரைச் சொல்லி, "சார் இருக்காங்களா?" என்று கேட்டது. நான், "ஆமாங்க, சொல்லுங்க, எங்கேருந்து பேசுறீங்க?" என்றேன். கால் மணி நேரம் அது ஏதோ கார்டைப் பற்றிச் சொல்லச் சொல்ல நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். நீங்கள் ரெண்டு பேரும் கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தீர்கள்.

"தாத்தா செத்துப் பதிமூணு வருசமாச்சுன்னு சொல்லிட்டு வைக்க வேண்டியதுதானேப்பா" என்றாள் பெரியவள்.

"அப்பாவுக்கு வேல இல்லக்கா. பொண்ணு கொரல கேட்டாப் போதும்" என்றான் சின்னவன். உங்கள் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்குப் பாதி தெரியும்.

மறுநாள் பெரியவள் பாஸ்போர்ட்டுக்கு விவரம் எழுதும் தாளை என்னிடம் கொடுத்தாள். நர்சிங் முடித்த பிள்ளை, வெளிநாடு போக ஆசைப்படுகிறது. நான் அந்தத் தாளை வாங்கி மேசையில் வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டேன். பெரியவளே, அப்பாவுக்கு அனுப்ப மனசில்லை என்று நீ உன் அம்மாவிடம் அழுதாயாம். அனுப்ப மனசில்லாமல் இல்லை. அந்தத் தாளில் முதல் கட்டம் பெயருக்கானது. அதைப் பார்த்துத்தான் போனேன். ஏன் என்று வாயால் சொல்ல எனக்கு வராது. பத்தாவது வரைக்கும்தான் படித்தேன், இருந்தாலும் எழுத வரும். எழுதுகிறேன்.

உங்கள் சித்தப்பா துபாயில் இறந்துபோனார் என்பது உங்களுக்குத் தெரியும். வெயிலில் மயங்கி விழுந்து இறந்தார் என்று சொல்லியிருக்கிறேன். மயங்கி விழுந்தது பொய் இல்லை. ஆனால் சொன்னது முழுசும் நிஜம் இல்லை.

அவனுக்குக் கட்டிடக் கண்ணாடி துடைக்கிற வேலை. வெள்ளிக்கிழமை லீவு, அன்றைக்குத்தான் பேசுவான். "ஒரு தடவ வாண்ணே. நீ அங்க மூட்ட கட்டி அனுப்புற சிமெண்ட்டெல்லாம் என்ன ஆவுதுன்னு காட்டுறேன்" என்பான். "எங்க சிமெண்ட்டு அங்கல்லாம் வராதுடா" என்பேன். "வராட்டிப் போவுது. வேற எவனோ கட்டுன மூட்டய வந்து பாரு" என்பான். அவன் சொல்லிச் சொல்லித்தான் நானும் பாஸ்போர்ட் எடுத்தேன்.

ரெண்டு பேர் பாஸ்போர்ட்டுக்கும் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரௌசிங் சென்டரில் நான்தான் விவரம் சொன்னேன். கம்ப்யூட்டரில் இருந்த பெண், "அண்ணே, இனிஷியல் எல்லாம் ஒத்துக்காது, முழுசா விரிச்சுச் சொல்லுங்க" என்றது. நமக்கு இனிஷியல் பெயருக்கு முன்னால்தானே வரும்? அதனால் முன்னால் அப்பா பெயர், பின்னால் எங்கள் பெயர் என்று சொன்னேன். "முன்னாடியேவா போடணும்?" என்று அது ஒருமுறை கேட்கவும் கேட்டது. "அப்பாவுக்குப் பின்னாலதானேம்மா புள்ளைங்க" என்று பெருமையாகச் சொன்னேன். அப்பா அப்போது உயிரோடு இருந்தார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் அப்பா போனார். அவர் போய் ஆறு வருஷம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை. ஆலையில் எனக்கு மூட்டை கட்டும் பிரிவில் காலை ஷிப்ட். அங்கே இயந்திரம் ஓடினால் பக்கத்தில் நிற்பவன் பேசுவதுகூடக் கேட்காது. போன் அடித்தது. கண்ணாடி போடாத கண்ணுக்கு நீளமான எண் என்று மட்டும் தெரிந்தது. ஷெட்டுக்கு வெளியே வந்து எடுத்தேன். ஒரு பெண் முதலில் இந்தியில் பேசினாள், அப்புறம் இங்கிலீஷில். அப்பாவின் பெயர் கேட்டது. ஹாஸ்பிட்டல் என்ற சொல்லும் கேட்டது. அப்பா ஆஸ்பத்திரியில்தான் இறந்தார். அவர் பெயரைக் கேட்டு பாங்கிலிருந்தும் இன்சூரன்ஸிலிருந்தும் அப்போதெல்லாம் மாசம் ரெண்டு மூன்று போன் வரும். இதுவும் அதுதான் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

"டெட்" என்றேன். அவள் மறுபடி என்னவோ கேட்டாள். "ஹி டெட். டெட். சிக்ஸ் இயர்" என்று கத்திவிட்டு வைத்தேன். டீ குடித்து முடிப்பதற்குள் அதை மறந்தும்போனேன்.

அந்த வெள்ளிக்கிழமை தம்பி பேசவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமையும் இல்லை. அவன் போன் அணைந்து கிடந்தது. அவன் வேலை பார்த்த கம்பெனியை மூடி ரெண்டு மாசம் ஆகிறது, வெளியில் நாள் கூலிக்குப் போய்க்கொண்டிருக்கிறான் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவன் அறையில் இருந்த, தா.பழூர் பக்கத்து ஆள் ஒருவர் போனில் சொன்னார். மெஸ்ஸில் சமையல் பார்ப்பவர். "காலையில வேலைக்குப் போனான்ணே. வேற ஊருல ஒரு சைட்டு இருக்கு, அங்க தங்குற மாதிரி வருமுன்னு முன்னாடி சொல்லிக்கிட்டு இருந்தான். அதான் போயிட்டான்னு இருந்துட்டோம்" என்றார்.

என் அம்மா சோறு தின்பதை விட்டது. உங்கள் அம்மாதான், "போயிப் பாத்துட்டு வந்துருங்க" என்றாள். விசாவுக்கு ஒரு வாரம் ஆனது. திருச்சியில் விமானம் ஏறினேன்.

அந்த ஊரைப் பற்றி நீங்கள் போனில் படம் பார்த்திருப்பீர்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன். விமான நிலையத்தில் வெள்ளை அங்கி போட்ட ஒரு பையன் என் பாஸ்போர்ட்டைத் திறந்து அப்பா பெயரைச் சொல்லி, நீதானா என்பது போலப் பார்த்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. தலையாட்டினேன். லாட்ஜில் இருந்தவரும் நோட்டில் அப்பா பெயரைத்தான் எழுதினார். "வாங்க மிஸ்டர்" என்று அவர் பெயரைச் சொல்லியே கூப்பிட்டார். ஊரைத் தாண்டி எங்கும் போகாத மனுஷன், இங்கே வந்து எத்தனை பேர் வாயில் வருகிறார் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். அட முட்டாளே என்று அப்போது யாராவது என் கன்னத்தில் அறைந்திருக்கலாம்.

வெளியில் வந்தால் வெயில். நம் சுண்ணாம்புக்கல் குழியில் சித்திரை மாசம் இறங்கி நின்றிருக்கிறேன். அந்த வெயில் மேலேயிருந்து அடிக்கும். இது நாலு பக்கத்திலிருந்தும் அடித்தது. கட்டிடங்கள் எல்லாம் கண்ணாடி, ஒவ்வொன்றும் வெயிலை வாங்கி அடுத்ததன் மேல் எறிந்தது. பக்கத்துக்கு ஏழு எட்டு வண்டி ஒன்றாகப் போகிற ரோடு. அதில் ஹார்ன் சத்தமே இல்லை. நடந்து போகிற ஆளும் இல்லை. ரயிலுக்கு டிரைவர் இல்லை. பஸ்சுக்கு நிற்கிற இடத்துக்குக்கூடக் கண்ணாடிக் கதவு போட்டு ஏசி வைத்திருந்தார்கள்.

தம்பி இருந்தது பழைய ஊர்ப்பக்கம். அங்கேதான் கூட்டம். ஒரு சந்துக்குள் போனால் தோளோடு தோள் இடிக்கிறது. பாகிஸ்தான்காரன், வங்காளி, ஆப்பிரிக்காக்காரன், நம் ஆட்கள், எல்லாம் ஆம்பளைகள். ஒரு கிழவியையோ இடுப்பில் பிள்ளையோடு ஒரு பொம்பளையையோ அந்தச் சந்துகளில் நான் பார்க்கவில்லை. தண்ணீருக்கு அந்தப்பக்கம் போக மரப்படகு. அதில் அத்தனை பேரும் முதுகோடு முதுகாக உட்கார்ந்து, ஆளுக்கொரு போனில் ஆளுக்கொரு பாஷையில் வீட்டோடு பேசிக்கொண்டு போனார்கள். யாருமே எதிரில் இருப்பவன் முகத்தைப் பார்க்கவில்லை. இதற்குள் ஒருவனைத் தேட வேண்டும். பயம் எனக்கு அந்தப் படகில்தான் வந்தது.

சமையல்காரர் எனக்காக ஒரு வாரம் லீவு போட்டார். நான் ஒரு கட்டிடத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்க, "மாடிய எண்ணாதீங்கண்ணே. எண்ணுறவன் புதுசுன்னு ஊருக்கே தெரிஞ்சிரும்" என்றார்.

"எண்ணல. எத்தன மூட்ட ஆயிருக்கும்னு பாத்தேன்."

"ரொம்ப சரி. உங்க தம்பியும் இப்பிடித்தான் சொல்லுவான், எங்கண்ணன் வந்தா வாயப் பொளந்து மூட்டக் கணக்குதான் போடும்னு."

அறைக்குக் கூட்டிப்போனார். ஒரு அறையில் பன்னிரண்டு படுக்கை, ரயிலில் இருப்பது போல ஒன்றின் மேல் ஒன்று. தம்பி படுக்கையில் அதற்குள் வேறு ஒருவர் வந்துவிட்டார். அவர் எழுந்து, எனக்கு இடம் விட்டு, தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார். கட்டிலுக்கு அடியில் தம்பியின் பை இருந்தது. துணி, சார்ஜர், ஒரு பாட்டில் எலுமிச்சை ஊறுகாய். ஒரு புதுக் கண்ணாடி, படிக்கிறதற்குப் போடுவது. எழுத்து தெரியவில்லை என்று நான் ஒரு வெள்ளிக்கிழமை சொன்னதற்கு வாங்கி வைத்திருக்கிறான். இப்போது நான் போட்டிருக்கிறேனே, இதுதான்.

முதல் வேலையாகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். நம் அரியலூர் கடைத்தெருவை அப்படியே தூக்கி உள்ளே வைக்கலாம், அவ்வளவு பெரிசு. கவுண்டரில் தம்பியின் பெயரைச் சொன்னேன். எழுதியும் காட்டினேன், அவனுடைய பெயரை மட்டும். கவுண்டரில் இருந்தவர் தட்டிப் பார்த்துவிட்டு இல்லை என்றார். பாஸ்போர்ட் நம்பர் கேட்டார். என்னிடம் இல்லை, பாஸ்போர்ட் அவனிடமே இருந்தது. போனில் இருந்த போட்டோவைக் காட்டினேன். பொங்கலுக்கு எடுத்தது, சிரிக்கிறான். அவர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். ஆஸ்பத்திரியில் இல்லை என்றதும் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது, அதையும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன். வெளியே வந்து ரெண்டு பேரும் ஜூஸ் குடித்தோம்.

அப்புறம் போலீஸ் ஸ்டேஷன். ஜெயிலில் இருக்கிறானா என்று விசாரிக்கிற இடம். நம் நாட்டு ஆபீஸ். இன்னும் மூன்று ஆஸ்பத்திரி. எல்லா இடத்திலும் அவன் பெயரைச் சொன்னேன், எல்லா இடத்திலும் தட்டிப் பார்த்து இல்லை என்றார்கள். அத்தனை கம்ப்யூட்டர் இருக்கிற ஊரில் என் தம்பி என்று ஒருவன் வந்ததற்கே அடையாளம் இல்லை. வீட்டிலிருந்து அம்மா போன் செய்து, "பாத்துட்டியாடா?" என்று கேட்கும். "ஊரு பெருசும்மா. இன்னும் ரெண்டு எடம் பாக்கணும்" என்பேன்.

அஞ்சாவது நாள் மத்தியானம் ஒரு வரிசையில் நிற்கும்போது எனக்குக் கண் இருட்டியது. சமையல்காரர் தாங்கிப் பிடித்து ஒரு டாக்சியில் போட்டு, முதல் நாள் போன அதே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். என் பாஸ்போர்ட்டை வாங்கிப் பதிந்துகொண்டு உட்காரச் சொன்னார்கள். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து ஒரு நர்ஸ் வந்து, சத்தமாக அப்பாவின் பெயரைக் கூப்பிட்டாள்.

நான் எழுந்தேன். ரெண்டு எட்டு வைத்து நின்றேன். விமான நிலையத்துப் பையன் கூப்பிட்டதும் லாட்ஜ்காரர் எழுதியதும் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. நான் இந்த ஊரில் அப்பா பெயர். அப்படியானால் அவன்?

அந்த நர்ஸ் கேரளத்துப் பெண். தமிழ் பேசினாள். கையில் இருந்த தாளைப் பார்த்து, என்னைப் பார்த்து, "இதே பேருல ஒரு ஆளு மேல ஐசியூவுல இருந்தாரு சாரே. உங்க நாடுதான்" என்றாள்.

போட்டோவைக் காட்டினேன். அவள் போனை வாங்கிப் பார்த்தாள். திருப்பித் தரும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

வேலைக்குப் போகிற வழியில் ரோட்டோரம் விழுந்திருக்கிறான். வெயில் இல்லை, அது காலை நேரம். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது. சட்டைப்பையில் பாஸ்போர்ட் இருந்தது. அதைப் பார்த்துப் பதிந்திருக்கிறார்கள். பெயர் நீளம் என்று முன்பாதியை மட்டும் பதிவில் ஏற்றியிருந்தார்கள். முன்பாதி உங்கள் தாத்தா.

"எத்தனை நாள் இருந்தான்?" என்றேன்.

"முந்தாநாள் வரைக்கும் இருந்தாரு" என்றாள்.

நான் முதல் நாள் அந்தக் கவுண்டரில் நின்று அவன் பெயரைச் சொன்னபோது, அவன் அதே கட்டிடத்தில் நாலாவது மாடியில் மூச்சோடு இருந்திருக்கிறான். வெளியே வந்து ஜூஸ் குடித்தேன் என்றேனே, அப்போதும் இருந்தான்.

"பாஸ்போர்ட்டு கடைசிப் பக்கத்துல ஒரு நம்பர் எழுதியிருந்துச்சு. வீட்டுக்கு போன் பண்ணினோம் சாரே" என்று அவளே சொன்னாள். "யாரோ ஒரு ஆளு எடுத்தாரு. செத்துப்போச்சு, செத்துப்போச்சுன்னு மூணு தடவ சத்தம் போட்டுட்டு வச்சிட்டாரு. உசிரோட இருக்குற ஆளை செத்துப்போச்சுன்னா என்ன பண்றது? நம்பர் தப்புன்னு எழுதி வச்சாங்க."

அந்த ஆள் நான்தான் என்று நான் சொல்லவில்லை. அவளிடமும் சொல்லவில்லை, சமையல்காரரிடமும் சொல்லவில்லை. இந்த ஏழு வருஷத்தில் உங்கள் அம்மாவிடமும் சொல்லவில்லை. பெயர் மாறிப்போன கதை மட்டும் அவளுக்குத் தெரியும்.

"அவனுக்கு நெனவு வந்துச்சாம்மா?" என்று கேட்டேன்.

"டெய்லி காலையில நாங்க பேரச் சொல்லிக் கூப்பிடுவோம். ஒரே ஒரு தடவ கண்ணு தொறந்தாரு. பேரக் கேட்டதும் எங்கள பாக்கல. அங்க இங்கன்னு பாத்தாரு, வேற யாரோ வந்த மாதிரி. பின்ன மூடிட்டாரு."

அத்தனை நாளும் அவனை அவன் பெயர் சொல்லி ஒருவரும் கூப்பிடவில்லை. அப்பாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள், அவனும் அப்பாவைத்தான் தேடியிருக்கிறான்.

அவனைக் காட்டினார்கள். அதைப் பற்றி எழுத மாட்டேன். மணிக்கட்டில் ஒரு பட்டை, அதிலும் அப்பா பெயர். நான் அவன் காது பக்கம் குனிந்து அவன் பெயரைச் சொன்னேன். அங்கே இருந்த ஆள் என்னவோ தொழுகை சொல்கிறேன் என்று நினைத்து ஒதுங்கி நின்றார்.

காகிதமெல்லாம் ஆகி அவனை அனுப்ப ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் ஊரைச் சுற்றுவதைத் தவிர எனக்கு வேலை இல்லை. அவன் காட்டுகிறேன் என்ற பெரிய கட்டிடத்தின் கீழே போய் நின்றேன். உச்சியில் கயிற்றில் தொங்கிக்கொண்டு ஒருவன் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தான். புள்ளியாகத்தான் தெரிந்தான். கீழே ஆயிரம் பேர் போனார்கள், ஒருவரும் அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவன் பெயர் என்ன, எந்த ஊர், யார் கூப்பிட்டால் திரும்புவான் என்று நான் நினைத்துக்கொண்டு நின்றேன். கழுத்து வலித்தது. போலீஸ்காரர் ஒருவர் வந்து நகர்ந்து நிற்கச் சொன்னார். குரல் உயர்த்தாமல்தான் சொன்னார். அந்த ஊரில் யாரும் என்னிடம் கெட்டதாக நடக்கவில்லை. அதையும் சொல்ல வேண்டும். கேட்ட இடத்திலெல்லாம் தேடித்தான் பார்த்தார்கள். நான்தான் வேறு ஒருவனைத் தேடச் சொன்னேன்.

திருச்சியில் சரக்கு இறக்குகிற இடத்தில் ஒருவர் அப்பா பெயரைக் கூப்பிட்டார். "இங்க" என்று கை தூக்கினேன். வண்டி பாடாலூர் தாண்டி, பெரம்பலூர் தாண்டி நம் வீட்டுக்கு வந்தபோது தெருவே நின்றது. பெட்டியை இறக்க வந்த ஆம்புலன்ஸ் டிரைவர் ஒட்டியிருந்த தாளைப் பார்த்து அப்பா பெயரை வாய்விட்டுப் படித்து, "இந்த வூடுதானுங்களே?" என்றார்.

புருஷன் பெயரை வாழ்நாளில் ஒருமுறைகூடச் சொல்லாத என் அம்மா அழுகையை நிறுத்தியது. "அவுரு பேர ஏன்டா சொல்றாங்க?" என்றது.

"பேப்பர்ல அப்பிடித்தாம்மா எழுதுவாங்க" என்றேன்.

"அப்ப எம்புள்ள பேரு எங்கடா?"

பெட்டியின் நாலு பக்கமும் நான் சுற்றிப் பார்த்தேன். எங்கும் இல்லை. பெரியவளே, நீ அப்போது எட்டாவது படித்தாய். பள்ளிக்கூடப் பையிலிருந்து ஸ்கெட்ச் பேனா கொண்டுவரச் சொன்னேனே, நினைவிருக்கிறதா? எதற்கு என்று நீ கேட்டாய். மூடியின் மேல் உன் சித்தப்பா பெயரை எழுதத்தான். அம்மாவால் படிக்க முடியாது, விரலால் தடவிப் பார்த்தது.

இப்போது எந்த எண்ணிலிருந்து போன் வந்தாலும் அவன் வாங்கிய கண்ணாடியைப் போட்டு எண்ணைப் பார்த்துவிட்டு எடுக்கிறேன். உங்கள் தாத்தா பெயரைக் கேட்டால், செத்துவிட்டார் என்று சொல்வதில்லை. ஆமாங்க, சொல்லுங்க என்பேன். அவர்கள் முழுசும் சொல்லி முடித்து, அந்தப் பக்கம் நம் வீட்டுப் பிள்ளை யாரும் படுத்திருக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் வைப்பேன். நீங்கள் சிரித்தால் சிரித்துக்கொள்ளுங்கள். நான் இல்லாத காலத்தில் என் பெயரைக் கேட்டு யாராவது கூப்பிட்டால் நீங்களும் சட்டென்று வைத்துவிடாதீர்கள்.

பெரியவளே, நீ போ. உன்னைத் தடுக்க மாட்டேன். தாளை மேசையின் மேல் திரும்ப வைத்திருக்கிறேன். முதல் கட்டத்தில் என் பெயரைப் போடாதே. என்னைக் கௌரவப்படுத்துவதாக நினைத்து முன்னால் வைத்துவிடாதே. அப்பா பெயருக்கென்று கீழே தனியாக ஒரு கட்டம் இருக்கிறது, எனக்கு அது போதும். முதல் கட்டத்தில் உன் பெயரைப் பென்சிலால் நானே எழுதியிருக்கிறேன். ஒருமுறை சத்தமாகப் படித்துப் பார்த்துவிட்டு, அதன் மேல் பேனாவால் எழுது.